பின்பக்கத்தில் உட்கார்ந்தவள் டிரைவர் மகனுக்கு எழுதுவது

அப்பு,

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு எழுந்து கை கழுவிக்கொண்டே நீ சொன்ன பேச்சுக்காக இதை எழுதுகிறேன். அப்போதே நேரில் சொல்லியிருக்க வேண்டும். ரெண்டு தடவை உன் பக்கத்தில் வந்து நின்றேன். நாலு மணி பஸ்சுக்கு நேரமாகிவிட்டது என்று நீ சட்டையை மாட்டிக்கொண்டிருந்தாய்.  "மெட்டுலருந்து அரை மணி நேரத்துல கீழ எறக்கிட்டேம்மா. சைரனப் போட்டேன்னா லோடு லாரிக்காரனெல்லாம் ஓரங்கட்டி நின்டுர்றான்" என்றாய். எஸ்டேட் ஆம்புலன்ஸ் டிரைவராகி மூன்று வாரம்தான் ஆகிறது. உன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். போடிமெட்டிலிருந்து பதினேழு வளைவையும் அரை மணி நேரத்தில் இறங்கினாய் என்றாய். பின்னால் யார் படுத்திருந்தார்கள், எப்படிப் படுத்திருந்தார்கள் என்று நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை.

உங்கப்பா அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல், "வண்டித் தரையில நாலு கொண்டி வச்சுத் தர்றேன்டா. ஸ்ட்ரெச்சரு நகராது. அரை நாள் சோலிதான்" என்றார். நீ சிரித்தாய். "புது வண்டியில ஓட்ட போடுறதா? மேனேஜரு என்னய வீட்டுக்கு அனுப்பிருவாரு. உங்க பயத்தையெல்லாம் என் வண்டியில ஏத்தாதீங்கப்பா. நீங்க மெதுவா உருட்டுன உருட்டுக்கு நோயாளியெல்லாம் பாதி வழியிலயே போய்ச் சேந்துருப்பான்." விளையாட்டாகத்தான் சொன்னாய், எனக்குத் தெரியும். அவர் தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் எழுந்து போனார். நீ பஸ் ஏறி மலையடியில் முந்தல் தாண்டியிருப்பாய், அதுவரைக்கும் அங்கே தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். 

உங்கப்பா பயந்தவர் என்பது உண்மை. நானும் பயந்தவள்தான். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று உனக்குச் சொல்லாமலே உன்னை வளர்த்துவிட்டோம். இப்போது சொல்கிறேன். நீ படித்த பிறகு உன் வண்டியில் வருகிற நர்ஸ் பெண்ணிடமும் இதைக் கொடு. மற்ற எஸ்டேட் டிரைவர்கள் கேட்டால் அவர்களும் படிக்கட்டும். இதில் ஒளிக்க இனி எதுவும் இல்லை. ஒளித்ததால் என்ன ஆனது என்றும் எழுதியிருக்கிறேன்.

உங்கப்பா டிரைவராகவும் நான் நர்ஸாகவும் எஸ்டேட்டில் இருந்த காலத்து வண்டி உனக்கு மங்கலாக ஞாபகம் இருக்கும். பேர்தான் ஆம்புலன்ஸ். ஒரு பழைய ஜீப்புக்குப் பின்னால் தகரத்தில் பெட்டி கட்டி, பக்கவாட்டில் சிவப்புச் சிலுவை வரைந்திருந்தார்கள். நோயாளி இல்லாத நாளில் அதில்தான் உரமூட்டை வரும், தொழிலாளர் லயத்து வீடுகளுக்கு ரேஷன் அரிசி வரும். உள்ளே வெறும் தகரத் தரை. ஸ்ட்ரெச்சர் என்பது ரெண்டு மூங்கிலுக்கு நடுவே தைத்த கித்தான் துணி. அதைத் தரையில் வைத்து ஆளைப் படுக்கப் போடுவோம். ஸ்டெப்னி டயரும் ஜாக்கியும் அதே பெட்டிக்குள் ஒரு மூலையில் கிடக்கும். டிஸ்பென்சரி நர்ஸ் நான் பக்கத்தில் ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்து, ஒரு கையால் ஜன்னல் கம்பியையும் ஒரு கையால் நோயாளியையும் பிடித்துக்கொண்டு வருவேன். உரம் சிந்திய தரை பவுடர் போட்ட மாதிரி வழுக்கும். வருஷக்கணக்கில் அப்படியே போய் வந்தோம். ஒன்றும் ஆகவில்லை என்பதால் ஒன்றும் ஆகாது என்று இருந்துவிட்டோம்.

எமர்ஜென்சி முடிந்த வருஷம் அது. நீ நாலாம் வகுப்பு. செல்லையா மாமாவை உனக்கு ஞாபகம் இருக்கிறதா? கடைசி லயத்தில் இருந்தார், உனக்குக் கொய்யாக் கட்டையில் பம்பரம் செதுக்கித் தந்தவர். மழைக்கு முன்னால் ஏலத்தோட்டத்து நிழல் மரங்களில் கிளை கழிக்க ஏறுவார்கள் இல்லையா, அப்படி ஏறியவர் கிளையோடு கீழே வந்துவிட்டார். காலை பத்து மணி இருக்கும். நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தொடை எலும்பு முறிந்திருந்தது. வேறு அடி எதுவும் இல்லை. தலை முதல் பாதம் வரை நான் தொட்டுப் பார்த்தேன். நல்ல நினைவோடு இருந்தார். ரெண்டு பக்கமும் பலகை வைத்துத் துணி சுற்றினேன். பாதத்தில் நாடி ஓடிக்கொண்டிருந்தது. அவசரமே இல்லாத கேஸ் அது, அப்பு. மெதுவாக இறக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தால் மூன்று மாதத்தில் நடந்திருப்பார்.

அவர் பெண்டாட்டி பாண்டியம்மா தோட்டத்திலிருந்து ஓடி வந்தாள். வண்டியில் ஏறப் பார்த்தாள். "எடமில்ல பாண்டியம்மா, பின்னால ஜீப்பு வரும், அதுல வா" என்று நான்தான் கதவைச் சாத்தினேன். அவள் கேட் வரைக்கும் வண்டிக்குப் பின்னாலேயே ஓடி வந்தாள்.

மெட்டு வரைக்கும் தாங்கினார். இறக்கம் தொடங்கியதும் ஒவ்வொரு வளைவிலும் ஸ்ட்ரெச்சர் ஒரு சாண் நகரும், முறிந்த கால் ஆடும், அவர் கத்துவார். எத்தனையோ பேருடைய வலியைப் பார்த்தவள் நான், அன்றைக்கு அந்தச் சத்தத்தை என்னால் தாங்க முடியவில்லை. முன்னால் பார்த்து, "ஏங்க, வெரசா போங்க, இவரு துடிக்கிறாரு" என்றேன். உங்கப்பா அழுத்தினார். வண்டி வேகமாகப் போகப்போக ஆட்டம் கூடியது, ஆட்டம் கூடக்கூட அவர் கத்தினார். நான் மறுபடியும் "வெரசா, வெரசா" என்றேன். செல்லையா என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். "நர்ஸம்மா, ஒரு கயித்தக் கொண்டாந்து என்னைக் கட்டிப்போடுங்கம்மா. வழுக்கிக்கிட்டே போகுது" என்றார். கயிறு என் காலடியில்தான் கிடந்தது, உரமூட்டை கட்டுகிற கயிறு. "இந்தா வந்துருச்சுய்யா, கொஞ்சம் பல்லக் கடிச்சுக்கங்க" என்று சொன்னேன். வண்டியை நிறுத்தச் சொல்லிக் கட்ட ரெண்டு நிமிஷம் ஆகியிருக்கும்.

அதற்கு அடுத்த வளைவில் எதிரே ஒரு ஜீப்பு, ஆட்களை வெளியே தொங்கவிட்டுக்கொண்டு ஏறி வந்தது. உங்கப்பா பிரேக்கில் ஏறி நின்றார். வண்டி நின்றது. ரெண்டு வண்டிக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. எதுவும் மோதவில்லை, ஒரு கீறல் விழவில்லை. அந்த ஜீப்புக்காரன் என்னமோ திட்டிவிட்டு ஒதுங்கிப் போய்விட்டான். வெளியே பார்த்தவர்களுக்கு அங்கே நடந்தது அவ்வளவுதான்.

உள்ளே, ஸ்ட்ரெச்சரோடு செல்லையா வழுக்கிப் போய் முன் சீட்டுக்குக் கீழே இருக்கிற இரும்புச் சட்டத்தில் தலையை முட்டினார். அவர் பின்னாலேயே ஸ்டெப்னி உருண்டு போய்க் கழுத்தில் விழுந்தது. நான் மரப்பெட்டியிலிருந்து தூக்கி எறியப்பட்டு அவர் கால் மேல் கிடந்தேன். முறிந்த கால். அதற்கு அவர் கத்தவில்லை. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

உங்கப்பா திரும்பிப் பார்க்காமல், "என்ன சத்தம் அது?" என்றார்.  "ஏ புள்ள, என்ன சத்தம்னு கேக்குறேன்ல" என்று இறங்கிப் பின்னால் வந்து கதவைத் திறந்தார். அவர் முகத்தை நான் உனக்கு எழுதப் போவதில்லை.

கீழே ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, "மரத்துலருந்து விழும்போது தல அடிபட்டுச்சா?" என்று கேட்டார். உங்கப்பா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார், சட்டையெல்லாம் ரத்தம். அவருக்கு வேலை போய்விடும், கேஸ் ஆகும், நீ நாலாம் வகுப்புப் படிக்கிறாய், இதெல்லாம் ஒரு மூச்சு விடுகிற நேரத்தில் எனக்குள் ஓடியது. "ஆமா டாக்டர்" என்றேன். மரத்திலிருந்து விழுந்து இறந்தார் என்று காகிதத்தில் ஏறிவிட்டது. பின்னால் வந்த ஜீப்பில் பாண்டியம்மா வந்து இறங்கினாள். அவளிடமும் அதையே சொன்னேன். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்த நீ அப்பா சட்டையைப் பார்த்து, "யாரு ரத்தம்?" என்று கேட்டாய். உன்னிடமும் அதையே சொன்னேன். அடுத்த நாள் அந்த வண்டியின் தரையைக் கழுவிவிட்டு உரமூட்டை ஏற்றினார்கள். வண்டிமேல் தப்பு என்று எவருக்கும் தெரியாததால் வண்டியில் ஒன்றும் மாறவில்லை. நான் சொன்ன பொய் அந்த வண்டியை அப்படியே காப்பாற்றிவிட்டது.

உங்கப்பா என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். கோபம் என்று நினைத்தேன். பதினோராம் நாள் ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் பெட்டியிலிருந்து எடுத்து, மேலே கூரையில் கம்பி வைத்துப் பூட்டினார். அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் போடிக்குப் போய், இப்போது அவர் வேலை செய்கிற அதே வெல்டிங் பட்டறையில் உட்கார ஆரம்பித்தார். ஒரு இரும்பு ஸ்ட்ரெச்சர் செய்தார். அதன் நாலு காலும் தரையில் போய் மாட்டிக்கொள்ள நாலு கொண்டி. ஆளைக் கட்ட, கட்டிலுக்குப் பின்னுகிற அகல நாடாவை நாலு மடிப்பாகத் தைத்து, தோல் பை தைப்பவரிடம் பக்கிள் வாங்கி வைத்தார். இடுப்புக்கு ஒன்று, முழங்காலுக்கு ஒன்று. பிறகு ஒரு அரிசி மூட்டையைப் படுக்கப் போட்டுக் கட்டி, ஆள் நடமாட்டமில்லாத தோட்டத்து இறக்கத்தில் பிரேக் அடித்துப் பார்த்தார். மூட்டை பட்டைகளுக்குள்ளிருந்து உருவிக்கொண்டு தலைப்பக்கமாகப் பறந்து போய் அதே இரும்புச் சட்டத்தில் மோதி வெடித்தது. அரிசி சிதறிக் கிடந்ததைப் பார்த்துக்கொண்டு அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "கட்டியிருந்தாலும் போயிருப்பாருடி" என்றார். அன்றைக்குத்தான் என்னோடு பேசினார். அதற்குப் பிறகுதான் ரெண்டு தோளுக்கும் மேலாக வந்து இடுப்புப் பட்டையோடு சேருகிற பட்டையைத் தைத்தார். அடுத்த மூட்டை அசையவில்லை. இதை நன்றாக மனசில் வைத்துக்கொள், அப்பு. பிரேக் அடிக்கும்போது ஆள் முன்னால் போவான். இடுப்பை மட்டும் கட்டினால் கட்டின மாதிரி ஆகாது.

தரையில் ஓட்டை போட்டது மேனேஜர் காதுக்குப் போயிற்று. நல்ல மனிதர்தான், கோட்டயம் பக்கத்துக்காரர், கோபம் வந்தால் பாதி மலையாளம் வந்துவிடும். ஷெட்டில் நின்று, "ஆரு பறஞ்ஞு இதுக்கு? உரமூட்டை எங்கே ஏத்தும்?" என்று கத்தினார். உங்கப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் முன்னால் போய், "நான்தான் சார் சொன்னேன்" என்றேன்.  "சார், இந்தப் பட்டையெல்லாம் இல்லாம, பழைய கித்தான்ல ஒரே ஒரு வளைவு நீங்க படுத்து வாங்க. அதுக்கப்புறம் கழத்தச் சொன்னா கழத்திர்றோம்." அவர் சிரித்தார். இத்தனை பேர் பார்க்க ஒரு நர்ஸ் கேட்டதற்குப் பின்வாங்க முடியாமல் ஏறிப் படுத்தார். உங்கப்பா என்றைக்கும் போகிற வேகத்துக்கும் குறைவாகத்தான் ஓட்டினார். வளைவில் சாதாரணமாக ஒரு பிரேக். மேனேஜர் தலைமாட்டுப் பக்கம் வழுக்கிப் போய் ரெண்டு கையையும் நீட்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். இறங்கும்போது முகம் வெளுத்திருந்தது. பேண்ட்டில் ஒட்டிய உரத்தைத் தட்டிவிட்டு, "உரத்துக்கு வேற வண்டி பார்க்கலாம்" என்றார். நாலு எட்டு போனவர் திரும்பி வந்து என்னிடம் மட்டும் மெதுவாகக் கேட்டார். "இதில் இதுக்கு முன்னே யாருக்காவது எதாவது சம்பவிச்சதா, சிஸ்டரே?"

அந்த நிமிஷம் சொல்லியிருக்க வேண்டும். கேட்கிற மனசோடு வந்து நின்றார். "இல்ல சார்" என்றேன்.

மறுவருஷ மழையில் பிரசவ வலியோடு ஒரு பெண்ணை இறக்கிக்கொண்டிருந்தோம். பாறை உருண்டு ரோட்டில் கிடந்ததைத் திருப்பத்தில்தான் பார்த்தார் உங்கப்பா. பிரேக் அடித்தார். கட்டியிருந்த அந்தப் பெண் ஒரு விரற்கடை நகரவில்லை. நான் அவளுக்கு வியர்வை துடைக்க எழுந்து நின்றிருந்தேன். மருந்துப் பெட்டியில் போய் விழுந்தேன். என் தாடையில் இருக்கிற தழும்பு குழாயடியில் விழுந்ததால் வந்தது என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். அது அன்றைக்கு வந்தது. அந்தப் பெண்ணுக்கு ஆஸ்பத்திரியில் நல்லபடியாக ஆண் குழந்தை பிறந்தது. எனக்கு அங்கேயே ஆறு தையல். அதற்கப்புறம் உங்கப்பா எனக்கும் ஒரு இருக்கை செய்தார். முதுகு முன் சீட்டோடு ஒட்டியிருக்கும், முகம் பின்னால் பார்க்கும், உட்கார்ந்த இடத்திலிருந்தே நோயாளியின் கையும் முகமும் எட்டும். அதற்கும் பட்டை. நான் "கட்டியாச்சு" என்று சத்தமாகச் சொன்னால்தான் கிளப்புவார். எழுந்து நிற்க வேண்டுமென்றால் சொல்ல வேண்டும், ஓரமாக நிறுத்துவார். நீ உருட்டினார் என்று சொன்னாயே, அது இதுதான்.

ரோசம்மாவைப் பற்றியும் எழுத வேண்டும். பக்கத்து எஸ்டேட் டிஸ்பென்சரியில் நர்ஸ். என்னைவிடச் சின்னவள், கிறிஸ்துமஸுக்கு உனக்குக் கேக் கொண்டு வருவாள். அவர்கள் வண்டியும் எங்கள் பழைய வண்டி மாதிரியே இருந்தது. ஒரு தடவை எங்கள் வண்டிக்குள் ஏறிப் பார்த்துவிட்டு, "எதுக்குக்கா இம்புட்டுப் பட்டை? மாட்டக் கட்டுற மாதிரி இருக்கு" என்று சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன். எதுக்கு என்று சொல்லவில்லை. ஒரு வருஷம் கழித்து மெட்டுக்குக் கீழே ஒரு திருப்பத்தில் அவர்கள் வண்டியின் பின்கதவு திறந்துகொண்டது. ரோசம்மா வெளியே விழுந்தாள். உயிர் இருந்தது, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. மதுரை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். "நீங்க எல்லாம் கட்டிக்கிட்டிங்கக்கா. எனக்கும் சொல்லியிருக்கலாம்ல" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். அவளை இப்போது அவள் அண்ணன் வீட்டில் வைத்திருக்கிறார்கள். 

அதற்கப்புறம் உங்கப்பாவுக்குக் கால் அவர் பேச்சைக் கேட்கவில்லை. நேர் ரோட்டில் போகும்போதே பிரேக்குக்குப் போய்விடும். ரெண்டு வருஷம் சமாளித்தார், பிறகு வேலையை விட்டுவிட்டுப் பட்டறைக்கு வந்தார். அவர் ஏன் டிரைவர் வேலையை விட்டார் என்று உன் சேக்காளிப் பையன்கள் கேட்டபோது நீ தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்திருக்கிறேன். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை உனக்குத் தெரியாமல் மேலே எஸ்டேட்டுக்கு வந்தேன். நீ ஏதோ சாமான் வாங்கப் பூப்பாறைக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். வண்டி ஷெட்டில் நின்றது. பளபளவென்று இருக்கிறது, தொட்டால் கை வழுக்குகிறது. உன் நர்ஸ் பெண் கதவைத் திறந்து காட்டினாள். சக்கரம் வைத்த ஸ்ட்ரெச்சர். அதைத் தரையோடு பிடிக்க ஒன்றும் இல்லை. இடுப்புக்கு மட்டும் ஒரு பட்டை. என் இடுப்பளவு உயரத்துக்கு ஆக்சிஜன் சிலிண்டர், மூலையில் சணல் கயிற்றால் ஒரு சுற்று. அது உருண்டால் ஸ்டெப்னி எல்லாம் ஒன்றுமே இல்லை, அப்பு. நர்ஸுக்குப் பக்கவாட்டில் ஒரு பலகை, பிடித்துக்கொள்ளக் கம்பிகூட இல்லை. "எப்படித்தா உக்காந்து வர்ற?" என்று கேட்டேன். "அண்ணே நல்லா ஓட்டுவாரும்மா. வளைவு வந்தா ஒரு கையால சிலிண்டரப் பிடிச்சுக்குவேன், ஒரு கையால ஆளப் பிடிச்சுக்குவேன்" என்றாள். "அப்ப ஒன்னய யாரு பிடிப்பா?" என்றேன். சிரித்தாள். இருபது வயது இருக்குமா அவளுக்கு? நான் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள்.

இறங்கும்போது பஸ்ஸில் மனசுக்குள் ஒன்றே ஒன்றுதான் ஓடியது. உனக்கு இதையெல்லாம் எழுத வேண்டும். ஆனால் உனக்கு எழுதுவதற்கு முன்னால் சொல்ல வேண்டிய ஒருத்தி இருக்கிறாள். பாண்டியம்மா மலையை விட்டு வந்து ரொம்ப வருஷமாகிறது. போடியில் ஏலக்காய் மூட்டை அடுக்குகிற ஒரு கிட்டங்கியில் காய் தரம் பிரிக்கிறாள். அவள் வருகிற தெருவில் நான் எதிர்ப்பக்கம் மாறிப் போய்விடுவேன். மலையிலும் சரி, இங்கேயும் சரி, பன்னிரண்டு வருஷம் அப்படியே மாறிப் போயிருக்கிறேன். நேற்று, புதன்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கிட்டங்கிக்குள் போனேன். மற்ற பெண்கள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வெளியே போயிருந்தார்கள். அவள் மட்டும் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து பெரிய காயைத் தனியாக ஒதுக்கிக்கொண்டிருந்தாள். "வாங்க நர்ஸம்மா, எம்புட்டு நாளாச்சு" என்று இடம் தள்ளிக் கொடுத்தாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். தொடை மட்டும்தான் முறிந்திருந்தது என்று சொன்னேன். நான் வெரசா போகச் சொன்னதைச் சொன்னேன். கயிறு கேட்டதைச் சொன்னேன். டாக்டரிடம் ஆமாம் என்றதைச் சொன்னேன். அதற்கப்புறம் உங்கப்பா பட்டை தைத்ததையும் சொன்னேன். என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். கை மட்டும் காயை ஒதுக்கிக்கொண்டே இருந்தது, பிறகு அதுவும் நின்றது. அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளத்தான் போயிருந்தேன்.

"ராத்திரித் தூறுன ஈரத்துல ஏறாதயான்னு அன்னிக்குக் காலையில சொன்னேன்" என்றாள். "எம் பேச்சக் கேக்காம ஏறி விழுந்து செத்துட்டாரே, எங்கள நடுத்தெருவுல விட்டுட்டாரேன்னு இந்தப் பன்னண்டு வருசமும் அந்த மனுசனத் திட்டிக்கிட்டே இருந்தேன் நர்ஸம்மா. அவரு செத்த நாளு சாமி கும்பிடுறப்பக்கூட திட்டிட்டுத்தான் சோறு வப்பேன்."  முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அவள் கையைப் பிடிக்கப் போனேன், அவள் கொடுக்கவில்லை. அதுவும் நியாயம்தான்.

பெண்கள் திரும்பி வருகிற சத்தம் கேட்டது. நான் எழுந்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டை இழுத்து மடியில் வைத்தாள். "ஒங்க மகந்தான் இப்ப அந்த வண்டிய ஓட்டுறானாம்ல" என்றாள். ஆமாம் என்றேன். "அவன் வண்டியில அந்தப் பட்டையெல்லாம் மாட்டியாச்சா?"

நான் பதில் சொல்லாமல் வெளியே வந்துவிட்டேன். மாட்டியாச்சு என்று மறுபடியும் ஒரு பொய் சொல்ல எனக்குத் திராணி இல்லை.

உனக்கு ஒன்று சொல்கிறேன். பின்னால் இருப்பவர்கள் "வெரசா" என்று கத்துவார்கள். நர்ஸ் கத்துவாள், கூட வருகிற சொந்தக்காரர்கள் கத்துவார்கள், நோயாளியே கத்துவான். அப்போது நீ வேகத்தைக் குறைக்க வேண்டும். தேவைப்பட்டால் நிறுத்து, இறங்கிப் போய்க் கட்டு சரியாக இருக்கிறதா என்று உன் கையால் தொட்டுப் பார். எத்தனை நிமிஷத்தில் வந்தாய் என்று இந்த வீட்டில் இனி சொல்லாதே. என்னால் கேட்க முடியாது. நீ வண்டி எடுத்திருப்பாய் என்று நினைக்கிற ஒவ்வொரு நாளும் எனக்குக் கை வேலை ஓடுவதில்லை. கொண்டி வைத்தாலும் இந்தப் பயம் போகாது. வைக்காமல் நீ ஓட்டினால் நான் எப்படி இருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை.

உங்கப்பா நேற்று பட்டறையில் நாலு கொண்டியும் சிலிண்டருக்கு ஒரு வளையமும் முடித்துவிட்டார். தோள்பட்டையை நான் தைத்துக்கொண்டிருக்கிறேன். சனிக்கிழமை காலை முதல் பஸ்சுக்கு ரெண்டு பேரும் வருகிறோம். மேனேஜரிடம் நானே பேசுகிறேன். இந்தத் தடவை செல்லையா பேரைச் சொல்லியே பேசுவேன். நீ ஷெட்டைத் திறந்து வைத்தால் போதும். அப்பாவிடம் எதுவும் கேட்காதே, மன்னிப்பும் கேட்க வேண்டாம். துளை போடும்போது ஸ்ட்ரெச்சரை அந்தப் பக்கம் பிடித்துக்கொள்.

வருகிற புதன்கிழமை நான் மறுபடியும் கிட்டங்கிக்குப் போக வேண்டும். பாண்டியம்மா கேட்டதற்குப் பதிலோடு போக வேண்டும்.

உன் அம்மா